ராகு காலத்தில் போன கடிதங்கள்

எங்கள் ஆட்கள் ராகு காலத்தில் எதையும் தொடங்க மாட்டார்கள். புதுச் சட்டை போட மாட்டார்கள், கார் சாவியைத் தொட மாட்டார்கள், பெண் பார்க்கக் கிளம்ப மாட்டார்கள். நான் அந்த நேரத்தில்தான் தொடங்கினேன். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன். அதற்காகக் கோயில் மண்டபத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

விஷயம் இதுதான். மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகிற பாதையில் எங்கள் தோட்டம் இருந்தது. லயம் என்று நாங்கள் சொன்ன வரிசை வீடுகளை இடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நிலம் கைமாறி, செம்பனை எண்ணெய் மரங்களும் போய், இப்போது புது வீடுகள் கட்ட மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்தது கோயிலும், பெரிய வடிகாலை ஒட்டிய இடுகாடும்தான். போன வருடம் ஒரு நாள் இடுகாட்டு வாசலில் அறிவிப்புப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். இருபத்தொரு நாளுக்குள் உறவினர் பதிவு அலுவலகத்தில் வந்து பதிகிற குழிகளைத் தொடமாட்டார்களாம், சுற்றி வேலி போட்டு விட்டுவிடுவார்களாம். யாரும் பதியாத குழிகளைத் தோண்டி, எடுத்ததையெல்லாம் வேறோர் ஊரில் ஒரே குழியில் போட்டு மூடிவிடுவார்களாம்.

அந்த இடுகாட்டில் என் மகள் இருக்கிறாள். ஆறு நாள் உயிரோடு இருந்தாள். பதினாறாம் நாள் பெயர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், அவள் அதுவரை காத்திருக்கவில்லை. பிறப்பையும் பதியவில்லை, இறப்பையும் பதியவில்லை. பச்சைப் பிள்ளைக்கு அழக்கூடாது, குழி பக்கம் போகக்கூடாது, அடுத்த பிள்ளையைப் பற்றி யோசி என்று பெரியவர்கள் சொன்னார்கள். அடுத்த பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், வேலைக்கும் போய்விட்டார்கள். அதனால் முதல் பிள்ளை இல்லாமல் போய்விடுமா? என் மகளை யாரோ முகம் தெரியாதவன் மண்வாரி இயந்திரத்தால் அள்ளி, ஊர் பெயர் தெரியாத எலும்புகளோடு கொட்டுவதா? பலகையைப் படித்த இடத்திலேயே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எனக்கு மட்டும் எரிந்தால் போதாது. ஒரு குழியைப் பதிய வேண்டுமென்றால் படிவத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடவேண்டும். அந்தச் சாட்சிகள் தோட்டத்தில் கூடவே குடியிருந்தவர்களாக இருக்கவேண்டும். அவர்களோ ராசா, உலு யாம், சுங்கை செம்பிலாங், கிள்ளான், சிங்கப்பூர் என்று ஊர் ஊராக நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி சிதறிக் கிடக்கிறார்கள்.

நான் டவுனில் ஓர் அச்சுக்கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை, பேனர், அதோடு சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையதளமும் போட்டுக் கொடுப்பேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுகூடுவதற்கான இணையதளமும் நான் செய்ததுதான். அந்தக் கமிட்டியின் தலைவர், தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். பதிவு செய்கிறவர்கள் எந்த லயம், எத்தனாவது கதவு என்று கட்டாயம் எழுதவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். இடிந்துபோன வீட்டுக்குக் கதவு நம்பர் எதற்கு என்று அன்றைக்கு நான் முணுமுணுத்தேன். அந்தப் பிடிவாதத்தால்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் மின்னஞ்சல் முகவரிகள் லயம் வாரியாக எங்கள் கையில் இருந்தன. அவருக்குச் சேரவேண்டிய பெருமையை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. கோயில் தேர்தலில் குழு மூன்றாக உடைந்து, ஒரு குழுவில் இருப்பவர் இன்னொரு குழுக்காரரோடு பேசுவதில்லை. மிச்சமிருந்தவர்கள் காலை வணக்கப் பூப்படங்களுக்குப் பயந்து சத்தத்தை அடைத்து வைத்திருந்தார்கள். இடுகாட்டுச் செய்தியை அதில் போட்டபோது இரண்டு பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள், ஒருவர் ரோஜாப்பூ போட்டார். அவ்வளவுதான்.

கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவது என்று முடிவானது. நான் தலைவரைப் பார்த்துக் கைதூக்கினேன்.

"ஒரே நேரத்துல அனுப்ப முடியாது அங்கிள். சர்வர்காரன் மணிக்கு நூறுதான் விடுவான். மொத்தமா தள்ளுனா நம்மள விளம்பரக் கும்பல்னு நெனச்சு மூடிப்புடுவான்."

"என்னம்மா பேசுற? பட்டன அமுக்குனா போகப்போகுது லா. லோரியா வாடகைக்குப் பிடிக்கிறோம்?"

"வரிசையில போட்டு வைக்கிறேன். பத்து நிமிசத்துக்கு பதினஞ்சா தானாவே போகும். காலையில ஆரம்பிச்சா மறுநா காலையில முடிஞ்சிரும்."

தலைவர் சட்டைப் பையிலிருந்து கேலண்டர் தாளை எடுத்தார். "அப்படி நாள் பூராவும் போனா ராகு காலத்துலயும் போகும், எமகண்டத்துலயும் போகும். செத்தவங்க காரியம்மா இது. நேரங்கெட்ட நேரத்துல வுட்டா வெளங்குமா? புதன்கிழமை ஒம்போதே காலுக்கு நல்ல நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாம் போயிறணும்."

கமிட்டி முழுக்கத் தலையாட்டியது. நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் என்மேல் எனக்கு அதற்காகக் கோபம் உண்டு.

புதன்கிழமை என் மடிக்கணினியைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், விசைப்பலகை மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பழம் உருண்டு உருண்டு, திரையில் தன்பாட்டுக்கு எதையோ தட்டச்சு செய்தது. கடிதத்தின் தலைப்பைத் தலைவரே சொல்லி எழுதவைத்திருந்தார்: அவசரம்!!! அவசரம்!!! உடனே பார்க்கவும்!!! ஒன்பது இருபதுக்கு அவரே விரல் வைத்து அமுக்கினார். எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

பத்து மணிக்குக் கணக்கை மூடிவிட்டார்கள். தளத்தைத் திறந்தால், சந்தேகத்துக்குரிய முறையில் அளவுக்கு மீறி அனுப்பியதால் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று நாலு வரி. போனது பாதிகூட இல்லை. போன பாதியும் விளம்பரக் குப்பைகள் விழுகிற பெட்டியில் போய் விழுந்திருந்தது. எத்தனை ஆச்சரியக்குறி போட்டால் இயந்திரம் பயப்படும் என்று தலைவருக்கு யார் சொல்வது? அவருடைய சொந்தப் பெட்டியிலேயே அவருடைய கடிதம் குப்பையில்தான் கிடந்தது. பதறிய காரியம் சிதறும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் சர்வர் கம்பெனிக்கு எழுதினேன். நாங்கள் வியாபாரிகள் இல்லை, எங்கள் செத்தவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று எழுதினேன். ஆறாம் நாள் திறந்துவிட்டார்கள், ஆனால் நிபந்தனையோடு. நம்பிக்கை வரும்வரை ஒரு நாளைக்கு இருநூறு கடிதம்தான். இரண்டாயிரத்துச் சொச்சத்தை இருநூறாக அனுப்பினால் பதினோரு நாள். பலகையில் சொன்ன கெடுவுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு கம்பெனியில் கணக்குத் திறந்து மறுபடியும் ஒரே தடவையில் அனுப்பு, இந்தத் தடவை வளர்பிறையில் அனுப்பினால் போகும் என்றார். அன்றைக்குத்தான் நான் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சாயங்காலம் அவர் கடைக்கே வந்துவிட்டார்.

"பாஸ்வேர்ட குடும்மா."

"குடுக்க மாட்டேன் அங்கிள்."

"நான் கமிட்டித் தலைவரு."

"இருங்க. நல்லா இருங்க. ஆனா இன்னொரு தடவ மூடுனான்னா ஒரு மெயிலும் போகாது. எம்புள்ள அங்க இருக்கா. யாரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

அவருடைய வயதுக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்று கடை முதலாளி பிறகு சொன்னார். பேசியது பேசியதுதான்.

வேலையை என் வழியில் வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் கலந்துகட்டி அனுப்பாமல் லயம் லயமாக அனுப்பினேன். முதல் லயத்தின் முதல் கதவுக்குச் சாட்சி இரண்டாம் கதவுக்காரர்தானே! இருவருக்கும் ஒரே நாளில் கடிதம் போனால், ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்று பேசிக்கொள்வார்கள். தலைப்பிலிருந்து அவசரத்தை எடுத்தேன், ஆச்சரியக்குறிகளை எடுத்தேன். அவரவர் பழைய வீட்டை மட்டும் வைத்தேன்: "இரண்டாம் லயம், ஏழாம் கதவு." அதைத் திறக்காமல் தாண்டிப் போகிற ஆள் எங்கள் தோட்டத்தில் பிறக்கவில்லை.

முதல் நாளே ஒரு பாடம். காலையில் வரிசை போட்டுவிட்டுக் கல்யாணப் பத்திரிகை மடிக்கப் போனவள், மத்தியானம் வந்து பார்த்தால் பதினைந்தே பதினைந்துதான் போயிருக்கிறது. மலிவான தளத்தின் கடிகாரம் அப்படி. யாராவது பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் அதற்கு மணி ஞாபகம் வரும். எங்கள் தளத்தை ஒன்றுகூடல் மாதம் தவிர வேறு யார் பார்க்கிறார்கள்? சர்வரின் சொந்தக் கடிகாரத்தோடு கட்டிவிட்டேன். அன்றைக்குச் சரிசெய்கிறவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவந்து நானே பக்கத்தைத் திறந்து மூடினேன். பசை ஒட்டிய விரலோடு.

கடிதத்துக்குள் படிவத்தின் இணைப்பு இருந்தது, உறவினர் எழுதுவதற்கு முன்பே பக்கத்து வீட்டார் கதவு நம்பரைப் போட்டுச் சாட்சி கையெழுத்திடலாம். அதை யார் எந்த மணிக்குத் திறந்தார்கள் என்று தளம் காட்டும். இரண்டு நாள் பார்த்தேன். காலை ஏழு மணிக்குப் போனதை யாரும் தொடவில்லை, எல்லாரும் வேலைக்கு ஓடுகிற நேரம். மத்தியானம் கொஞ்சம். வெள்ளிக்கிழமை பத்தரை மணியிலிருந்து ஒரு மணிவரை மட்டும் மளமளவென்று திறந்துகொண்டே இருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை காலை வீட்டில் என் கணவர் சட்டை போட்டு, சாவியை மேசைமேல் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கெளம்பலையா?"

"ராகு காலம் போகட்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் ராகு காலத்தில் எதையும் தொடங்காமல் என்ன செய்கிறார்கள்? சும்மா உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள்! வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கா, இங்கே சூரியன் தாமதமாக உதிப்பதால் பதினொன்றரைக்கா என்பதில் வேறு எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி. இரண்டு கட்சியையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் ஒருவரும் இடத்தைவிட்டு அசைவதில்லை. கடிதத்தைப் படிக்க அதைவிட நல்ல நேரம் உலகத்தில் உண்டா?

அன்றிலிருந்து கேலண்டரைப் பார்த்துத்தான் அனுப்பினேன். திங்கட்கிழமைக்கு ஒரு நேரம், செவ்வாய்க்கிழமைக்கு ஒரு நேரம். ஒவ்வொரு நாளும் ராகு எப்போது நுழைகிறாரோ அப்போது முதல் பதினைந்து கடிதம் கிளம்பும். மீதி வேலை மாறும் நேரம் பார்த்து, ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி உட்கார்கிறவர்களுக்கு. இருநூறு தாண்டாது.

ராசாவிலிருந்து முதல் லயத்துக்காரர் ஒருவர் தலைவருக்குப் புகார் செய்தார். நல்ல மனிதர், தன் அப்பாவின் குழியைப் பதிந்துவிட்டுத்தான் புகார் செய்தார். மறுபடியும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"ராகு காலத்துல அனுப்புறியாமே?"

"ஆமா."

"தெரியாம போயிருச்சா?"

"தெரிஞ்சுதான் அங்கிள். அப்பதான் படிக்கிறாங்க."

"சாபம் வந்து சேரும்மா."

"எனக்கு வரட்டும். வர்ற சாபமெல்லாம் எனக்கு வந்தாச்சு. நல்ல நேரத்துல நீங்க அமுக்குனீங்க, எத்தன ஃபாரம் வந்துச்சு? ரெண்டு. நான் கெட்ட நேரத்துல அனுப்பி அஞ்சு நாள்ல அறுபத்தெட்டு வந்திருக்கு. நல்ல நேரம் எதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலைவர் கேலண்டர் தாளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். கடைசியில், இரண்டாம் லயத்தில் யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தனக்கு ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். மறுநாள் குடையோடு இடுகாட்டுக்குப் போய், குழி குழியாக நின்று, ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அதைத் தளத்தில் ஏற்றினேன். அதன்பிறகு அவர் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பதினைந்து, பதினைந்தாக நகர்ந்தது. சுங்கை செம்பிலாங்கில் மீன் லோரி ஓட்டுகிறவர் தன் தம்பிக்காக எழுதினார். நாலு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று, சிலுவை விழுந்துபோன ஆறு குழிகளுக்கு ஒரே நாளில் படிவம் போட்டது, சாட்சிக் கையெழுத்து பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தினுடையது. வாட்ஸ்அப்பில் முகம் பார்க்காத மூன்று குழுக்காரர்களும் ஒருவருக்கொருவர் சாட்சி போட்டார்கள்.

நாங்கள் குடியிருந்தது நான்காம் லயம். அதை நான் கடைசியில் வைத்திருந்தேன். ஏன் என்று என் கணவர் கேட்டார்.

"மத்தவங்களுக்கு மொதல்ல போகட்டும்" என்றேன்.

"நம்ம ஃபாரம் போட்டியா?"

"போடுறேன்."

பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையும் அது இல்லை. படிவத்தின் முதல் கட்டம், இறந்தவர் பெயர். ஊர் முழுக்க விரட்டி விரட்டி எழுதவைத்தவள், அந்தக் கட்டத்துக்கு முன்னால் தினமும் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோனேன். இப்போது புதிதாக ஒரு பெயரை வைத்து எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றார் கணவர். எனக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஒருநாள்கூடக் கேட்காத பெயரை வைத்து அவளை எப்படிக் கூப்பிடுவது? தலைவரிடம் எகிறிய வாய் அந்தக் கட்டத்தைப் பார்த்து ஊமையாகிவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள், ராகு நுழைந்த நேரத்தில் நான்காம் லயத்துக்குக் கடிதங்கள் கிளம்பின. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். என் கைப்பேசி அதிர்ந்தது: "நான்காம் லயம், பதினோராம் கதவு." நானே எழுதி, நானே நேரம் குறித்து அனுப்பிய கடிதம். அதைப் பார்த்ததும் கடையில் எல்லார் முன்னாலும் அழுதேன். பெரியவர்கள் வேண்டாம் என்று சொன்ன அழுகை, இருபத்தேழு வருடம் தள்ளி வந்தது.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை, உலு யாமிலிருந்து அழைப்பு. பன்னிரண்டாம் கதவில் குடியிருந்தவள். நான் பிள்ளை பெற்றபோது அவள் புதுப்பெண்ணாக வந்திருந்தாள்.

"அக்கா, உங்க பாப்பாவுக்கு நான் சாட்சி போட்டுட்டேன். எங்க வூட்டுக்காரரும் போட்டுட்டாரு. படிச்ச ஒடனே மொதல்ல அதத்தான் பண்ணுனேன். நாந்தானக்கா குளிப்பாட்டுனேன் பாப்பாவ. தலையில எவ்ளோ முடி! நீங்க உங்க ஃபாரத்த போட்டீங்களா?"

என் மகளுக்கு நிறைய முடி இருந்தது என்று என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. மறுநாள் காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவர்கள் சாட்சி போட்ட படிவத்தை அச்செடுத்துக்கொண்டு நானே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கணினி வழியாகப் போட்டிருக்கலாம். எனக்கு ஆள் முன்னால் போடவேண்டும் போலிருந்தது.

கவுண்டரில் இருந்தது ஒரு மலாய்ப் பெண். மலாயில்தான் பேசினோம், அவள் என்னைக் கக், அதாவது அக்கா, என்றாள், நான் அவளைப் புவான், அதாவது அம்மணி, என்றேன். மொத்தம் நூற்றெண்பது மேடுகள் இருக்கும் இடத்தில் முப்பது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தோம், நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது, இனி நடுவில் வேலி போட முடியாது, இடத்தை முழுக்கச் சுற்றித்தான் போடவேண்டும் என்றாள். சொல்லும்போது அவளுக்கும் சந்தோஷம்தான் என்று தோன்றியது. பிறகு என் படிவத்தைப் பார்த்தாள்.

"கக், பெயர் எழுதவில்லையே."

"பெயர் இல்லை. ஆறு நாள் பிள்ளை."

"பெயர் இல்லாமல் கணினி ஏற்காது கக்."

"அதெல்லாம் ஏற்கும் புவான். எனக்கு இதுதான் தொழில். கட்டம் காலியாக இருந்தால்தான் அது மறுக்கும். ஏதாவது எழுதியிருந்தால் வாயைத் திறக்காது."

"அப்படியென்றால் என்ன எழுதட்டும்?"

"மகள் என்று எழுதுங்கள்."

"அது பெயர் இல்லையே."

"எனக்கு அவள் அதுதான். வேறு பெயர் போடமாட்டேன். நீங்கள் எழுதுகிறவரை இங்கேயே நிற்கிறேன்."

எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். கணினி ஏற்றுக்கொண்டது. உறவு என்ற கட்டத்துக்கு வந்தபோது அவள் என்னிடம் கேட்கவேயில்லை, தானாகவே அடித்துவிட்டாள்.

ரசீதைக் கையில் வாங்கிப் படித்தேன். இறந்தவர்: மகள். பதிந்தவர்: தாய். இருபத்தேழு வருடத்தில் நான் அவளுக்குத் தாய் என்று ஏதாவது ஓர் ஆபீஸ் தாளில் எழுதியிருந்தது அதுதான் முதல் தடவை. மடித்துப் பையில் வைக்க மனம் வரவில்லை. வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன்.